அம்மாவுக்கு வாங்கிய சப்பாத்து

அப்பாவின் எட்டுக்குச் சமைத்துத் தர ஒப்புக்கொண்டவன் ஒரு சென்னைப் பெடியன். ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் ஒரு சின்னச் சமையலறையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறான். தொலைபேசியில் கேட்டான்.

“அக்கா, காரியத்துக்கு என்னென்ன செய்யணும்? ப்யூர் வெஜ்தானே?”

“இல்லைத் தம்பி. இது எட்டு, எட்டாம் நாள் படையல். செத்த ஆளுக்கு என்னென்ன விருப்பமோ அதெல்லாம் சமைச்சுப் படைக்கிறது. மீன், இறைச்சி எல்லாம் வரும்.”

“மீனா? காரியத்துக்கா?” என்று சிரித்துவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினான். “சாரிக்கா. சொல்லுங்க, அப்பாவுக்கு என்ன புடிக்கும்?”

சொல்லத் தொடங்கினேன். கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும், எள்ளுப்பாகு. அவன் ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டிருந்தான். பாதியில்தான் எனக்கு உறைத்தது, நான் சொல்லிக்கொண்டிருப்பது அம்மாவுக்குப் பிடித்தவற்றை. அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவளுக்கு எப்படித் தெரியும்?

“அதையே செய், தம்பி” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

சின்னப் பிள்ளைகளாய் நோர்வேயில் வந்து இறங்கி, இப்போது முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பல விஷயங்களை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குப் படிப்புக் குறைவு. ஒன்பதாம் வகுப்போடு சரி. ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டினேன், துரொண்ட்ஹெய்மில் முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன், இடையில் வேறு ஊர்கள், வேறு வேலைகள். ஒரு வீட்டிலும் திரைச்சீலை போடும்வரை இருந்ததில்லை. இப்போது அப்பாவின் வீட்டை ஒதுக்குவதற்காக வந்து, ஒதுக்காமல் இருக்கிறேன். நடைவழியில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு சோடிச் சப்பாத்து இருந்த இடம் மட்டும் நிலம் கொஞ்சம் வெளிறாமல் இருக்கிறது.

அந்தச் சப்பாத்து வந்த பனி மாரிகாலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்பா எனக்கு முன்னரே இங்கே வந்துவிட்டார். மாமாவும் அவரும் ஸ்டோவ்னரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமா என்றால் அப்பாவின் தங்கச்சியுடைய புருஷன். அம்மாவுக்கும் எனக்கும் மாமிக்கும் விசா ஒன்றாகவே வந்தது. மூன்று பேரும் சேர்ந்து புறப்படுவதென்றுதான் பேச்சு. அந்த நேரம் பார்த்து அம்மாவின் தகப்பன், எங்கள் அப்பு, படுக்கையில் விழுந்தார். டாக்குத்தர் வந்து பார்த்துவிட்டு, ஒரு மாதம் தாண்டாது என்று சொன்னார்.

“நீ பிள்ளையைக் கொண்டு முன்னுக்குப் போ. நான் அப்புவின்ரை அலுவலை முடிச்சுப்போட்டு வாறன்” என்று அம்மா மாமியிடம் சொன்னா.

எல்லாரும் அதைச் சரியென்றார்கள். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. படுத்த தகப்பனை விட்டுவிட்டு வெளிநாடு போனாள் என்று ஊர் கதைக்கும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அப்பு அந்த மாதமும் சாகவில்லை, அந்த வருஷமும் சாகவில்லை. பிறகு எழும்பி, ஊன்றுகோலோடு சந்தைக்குப் போய்வரத் தொடங்கினார். எங்கள் எல்லாரையும்விட நல்ல சுகத்தோடு கனகாலம் இருந்துவிட்டுத்தான் போனார். டாக்குத்தரைக் குறை சொல்லி என்ன பயன்?

புறப்படும் நாள் அம்மா தன்னுடைய நல்ல சேலைகளை என் பைக்குள் அடுக்கினா. “எனக்குப் பாரம் குறையட்டும்” என்றா. பஸ் யன்னலுக்குள்ளால் கையை விட்டு என் சட்டைக் கழுத்தை நேராக்கினா. கையில் தேங்காய்ப்பூ மணத்தது. நான் அழவில்லை. யன்னல் கரை கிடைத்த சந்தோஷம் எனக்கு.

ஃபோர்னெபு விமான நிலையத்தில் நான் செருப்போடு இறங்கினேன். நீங்களும் அப்படித்தான் இறங்கியிருப்பீர்கள். கண்ணாடிக் கதவு திறந்ததும் யாரோ காலில் பிரம்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்பாவை எனக்கு முகம் மறந்திருந்தது. அந்த மனிதர் குனிந்து என் இரண்டு பாதங்களையும் தன் ஜாக்கெட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் ஒரே கதை. “மடையன் நான். சப்பாத்துக் கொண்டுவரவேணும் எண்டு மண்டையிலை வரேல்லை. மடையன்.”

மறுநாளே ஸ்டோவ்னர் செண்டரில் சப்பாத்துக் கடைக்குப் போனோம். எனக்கு ஒரு சோடி. அதோடு நிற்காமல் அம்மாவுக்கும் ஒன்று பார்த்தார். கடைக்காரி அளவு கேட்டாள். அப்பாவுக்கு இலக்கம் தெரியவில்லை. ஒவ்வொரு சப்பாத்தாய்த் தூக்கி, அடிப்பக்கத்தில் தன் கையை விரித்துச் சாண் போட்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கவலைப்படவில்லை. கடைசியில் ஒரு மண்நிறச் சோடியைத் தெரிந்தெடுத்தார். உள்ளே ஆட்டுமயிர், பக்கத்தில் சிப். வீட்டுக்கு வந்து நடைவழியில், கதவைத் திறந்தவுடன் கை எட்டும் இடத்தில் வைத்தார்.

“இந்தமுறை பிழை வராது” என்றார்.

ஊரில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. அம்மா யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து, ஒரு கடையில் காத்துக்கிடந்துதான் கதைக்க வேண்டும். ஒரேயொரு முறைதான் லைன் கிடைத்தது. அப்பு எப்படி, பாதை எப்படி என்று பெரியவர்கள் கதைத்து முடிய எனக்குக் கொஞ்ச நேரம் தந்தார்கள். நான் சப்பாத்தைப் பற்றிச் சொன்னேன்.

“என்ன நிறம்?”

“மண்நிறம்.”

“உங்கை பனி வெள்ளையாம், வானம் கறுப்பாம். கொப்பருக்கு வேறை நிறமே கிடைக்கேல்லை?” என்று சிரித்தா. பிறகு, “எனக்கு அளவாய் இருக்குமோ?” என்று கேட்டா.

“தெரியாது. வந்து போட்டுப் பாருங்கோ.”

அதோடு லைன் அறுந்துபோனது.

அடுத்த புளொக்கில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அங்கே என்னைவிட ஒரு வயது மூத்த பெடிச்சி ஒருத்தி. எனக்கு முன்னரே வந்துவிட்டதால் நாட்டையே தான்தான் கட்டினது மாதிரி நடப்பாள். “நீ உன்ரை தொப்பியைப் பிழையாய்ப் போட்டிருக்கிறாய்.” “இஞ்சை ஒருத்தரும் உப்பிடிப் பாக்கிறேல்லை.” பனியில் விழாமல் பென்குயின் மாதிரி நடக்கச் சொல்லித் தந்தவளும் அவள்தான். என் நடையைப் பார்த்து, “பென்குயின் இல்லை, நீ வாத்து” என்பாள்.

தை மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அந்த வீட்டு அன்ரி வாசலில் நின்றா. என் உடுப்புகள் சிலவற்றை ஒரு பையில் போட்டு வைத்திருந்தா. “மாமிக்குக் காய்ச்சல் பிள்ளை. உனக்கும் தொத்திப்போடும். கொஞ்ச நாள் எங்களோடை நில்” என்றா. என் தலையைத் தடவியபடியே கூட்டிப்போனா. பின்னேரங்களில் அன்ரி பெரிய பெரிய சட்டிகளில் சோறும் கறியும் ஆக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போவா. காய்ச்சல்காரருக்கு இவ்வளவு பசியா என்று எனக்கு ஆச்சரியம்.

நடந்தது இதுதான். அம்மா சந்தைக்குப் போய் வரும் வழியில் ஷெல் விழுந்தது. அம்மாவோடு இன்னும் சிலர். இதற்குமேல் எனக்கும் தெரியாது. பெரியவர்கள் கூடியிருந்து, பிள்ளை இப்போதுதான் வந்தது, பாஷை தெரியாது, பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு கிழமைகூட ஒழுங்காய்ப் போகவில்லை, இப்போது சொன்னால் உடைந்துவிடும், கோடை வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அன்பினால் செய்த முடிவு. இன்றைக்கும் அதை அப்படித்தான் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை என்னைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். படியேறும்போதே மணம் வந்தது. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும். இரண்டாவது மாடியில் இருந்த நோர்வேக்காரர் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்துவிட்டு மூடினார். உள்ளே நாலைந்து பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். எவருக்கும் காய்ச்சல் இருந்தமாதிரித் தெரியவில்லை. மாமியின் கண் மட்டும் வீங்கியிருந்தது. சாமிப்படத் தட்டுக்கு முன்னால் துணி தொங்கியது. அப்பா தாடியோடு, இந்த நாட்டில் நான் ஒருநாளும் கண்டிராத வேட்டியோடு, அறைக்குள் இருந்தார். மாமா குந்தியிருந்து, சமையலுக்கு வைத்திருக்கும் வெள்ளித்தாளைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வளைத்து, நுனியைக் கூராக்கி, நடுவில் நகத்தால் நரம்பு கீறினார். தலைவாழையிலை. அந்தக் காலத்தில் ஒஸ்லோவில் வாழையிலைக்கு எங்கே போவது?

நான் சட்டிகளை எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி. மரவள்ளிக்கிழங்கு. எள்ளுப்பாகு. ஒரு சட்டியில் கணவாய். அந்தக் கணவாயை மாமா எங்கே பிடித்தார் என்று பின்னாளில் கேட்டறிந்தேன். இந்த ஊரில் அப்போது மனிதர் கணவாய் தின்பதில்லை. தூண்டிலுக்கு இரையாய், உறைய வைத்து விற்பார்கள். அதை வாங்கிக்கொண்டுவந்து கழுவிக் கழுவிக் கறியாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இந்த வீட்டுப் பெரியவர்களில் கணவாய் தின்கிறவர் ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு அந்த மணமே ஆகாது.

“மாமி, அம்மா வாறாவோ?”

மாமி அகப்பையைப் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பினா. “ஓம், ஓம். போ பிள்ளை, போய் விளையாடு” என்றா. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறா. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

அம்மா செருப்போடுதான் வருவா. அது எனக்கு நிச்சயம். மண்நிறச் சப்பாத்தைத் தூக்கி, குளிர்ந்துபோகாமல் இருக்க ஜாக்கெட்டுக்குள் வைத்து, சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வெளியே போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நகரத்திலிருந்து வருகிறவர் எல்லாரும் தேபானே என்ற நிலக்கீழ் ரயிலில்தான் வருவார்கள். நிலையத்து வாசலில் நின்றேன். ரயில் வரும், சனம் ஏறி வரும், பைகளோடு, ஸ்கீ பலகைகளோடு கலைந்துபோகும். பிறகு வாசல் வெறுமையாகும். அடுத்த ரயில் வரும். ஒவ்வொரு முறையும் நான் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். ஒரு நோர்வேக்காரப் பெண் குனிந்து ஏதோ கேட்டா. எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னேன். “மம்மா.” அவ தலையாட்டிவிட்டு, தானும் கொஞ்ச நேரம் என்னோடு நின்றுவிட்டுப் போனா.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அப்பா ஓடி வந்தார். ஜாக்கெட்டுக்குக் கீழே வேட்டி, வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்து. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் நின்றார். ஜாக்கெட் வயிற்றுப் பக்கம் புடைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து குந்தினார். சிப்பை மெல்ல இறக்கினார். சப்பாத்தைக் கண்டார்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“மாமி. கணவாயும் சமைக்கினம்.”

அவருடைய தாடியில் மூச்சு உறைந்து வெள்ளையாய் இருந்தது. ஒரு ரயில் வந்து, சனம் எங்கள் இரண்டு பக்கத்தாலும் விலகிப் போய் முடியும்வரை அப்படியே இருந்தார்.

“இண்டைக்குப் பிளேன் இல்லையாம், பிள்ளை” என்றார்.

“நாளைக்கோ?”

“வா. குளிருது.”

ஒரு கையில் சப்பாத்து, மறுகையில் நான். அப்படியே ஏற்றத்தில் நடந்தோம்.

வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வெள்ளித்தாள் இலையில் எல்லாக் கறிகளும் பரிமாறி அப்பாவின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிறகு கதவைத் திறந்து, மாமா அந்த இலையை அப்படியே ஏந்திக்கொண்டு வெளியே போனார்.

“மாமா எங்கை போறார்?”

“குருவிக்கு வைக்க” என்றா மாமி.

“இருட்டிலை குருவி வருமோ?”

எனக்குக் கோப்பையில் சோறு போட்டார்கள். நான் சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்க்கு ருசியான சாப்பாடு. கணவாயை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். பெண்கள் என்னைப் பார்ப்பதும் ஒவ்வொருவராய் அடுப்படிக்குள் எழும்பிப் போவதுமாய் இருந்தார்கள். மிளகாய்ப் புகை கண்ணுக்குள் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

“எல்லாத்தையும் முடிச்சுப்போடாதேங்கோ. அம்மாவுக்கு வையுங்கோ” என்றேன்.

மாமி ஒரு ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்து, கணவாய்க் கறியைப் போட்டு மூடி, என் கண் முன்னாலேயே உறைபெட்டிக்குள் வைத்தா.

துரொண்ட்ஹெய்ம் முதியோர் இல்லத்தில் ஒரு யூதக் கிழவி இருந்தா. நான் அறை துடைக்கப் போனால் கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு கதை சொல்லுவா. யுத்தத்தில் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, ஸ்கீ விளையாடப் போகிறோம் என்று சொல்லி அவவைக் காட்டுக்குள்ளால் சுவீடனுக்குக் கடத்திப்போனார்களாம். தாய் பின்னால் வருவா என்று சொன்னார்களாம். எல்லை தாண்டியதும் சொக்லேட் கொடுத்தார்களாம். தாய் வரவேயில்லை. ஜேர்மன்காரர் யூதர்களை முகாமுக்கு ஏற்றிப்போன கப்பலில் தாயும் போய்விட்டா.

“பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன்” என்றா. “அந்தச் சொக்லேட் நல்லா இருந்தது பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா, “உனக்கு என்ன தந்தார்கள்?”

நான் அதுவரை அவவிடம் ஒன்றும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ.

“கணவாய்” என்றேன்.

“அய்யே!” என்று முகத்தைச் சுளித்து, பொய்ப்பல் கழன்று விழுமளவுக்குச் சிரித்தா. நானும் சிரித்தேன். அந்த இல்லத்தில் நான் அதிக காலம் வேலை செய்ததற்கு அவதான் காரணம்.

சித்திரையில் பனி கரைந்தது. ஸ்டோவ்னரில் பனி கரைவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாரி முழுக்கத் தொலைந்ததெல்லாம் வெளியே வரும். ஒற்றைக் கையுறை, சிகரெட் அடி, நாய்ப்பீ, உடைந்த ஸ்கீ. அடுத்த புளொக்குப் பெடிச்சியும் நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தோம். பாதைகள் மூன்று சேரும் இடத்தில், பனி வழிக்கும் வாகனம் ஒதுக்கிவிட்ட கும்பியில் ஏதோ பளபளத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளித்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும் கூர்நுனியும் நகத்தால் கீறிய நரம்பும் அப்படியே இருந்தன. ஐஸுக்குள் சோறு. மரவள்ளித் துண்டு ஒன்று. கறுப்பாய் எள்ளுப்பாகு. நேற்று வைத்தது போல.

“மாமா வெட்டினது! குருவிக்கு வைச்சது” என்றேன்.

“குருவிக்கோ? உது எட்டுச் சாப்பாடு” என்றாள் அவள், தொப்பியைப் பற்றிச் சொல்லும் அதே குரலில். “செத்த ஆக்களுக்கு விருப்பமானதைச் சமைச்சு, அறைக்குள்ளை வைச்சுப்போட்டுச் சந்தியிலை கொண்டுவந்து வைக்கிறது. எங்கடை மாமா செத்தபோதும் வைச்சது. உங்கடை வீட்டிலை ஆர்…”

பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவளைப் பிறகு எத்தனையோ வருஷம் பார்த்தேன். இன்னொரு முறை அவள் என் நடையைப் பார்த்து வாத்து என்று சொல்லவேயில்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. உறைபெட்டியைத் திறந்தேன். ஐஸ்கிரீம் பெட்டி அடியில் இருந்தது, மேலே பனி பூத்து. மாமி அதை எறியவில்லை. எறிய மனம் வரவில்லைப் போல. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிச் சந்திக்குப் போனேன். வெள்ளித்தாள் இலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். கறி ஒரே கட்டியாய் விழுந்தது. கடற்பறவைகள் அங்கே எப்போதும் சுற்றும். நான் எழும்பி நாலடி வைப்பதற்குள் ஒன்று இறங்கிவிட்டது.

அன்று மாமி உறைபெட்டியைத் திறந்தவ, மூடாமல் நின்றா. பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த வெறும் பெட்டியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. நானும் பார்த்தேன். அப்பா வேலையால் வந்ததும் மாமி அவரை அடுப்படிக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னது கேட்டது. அப்பா வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தார். தொலைக்காட்சியில் ஸ்கீ பாய்ச்சல் போய்க்கொண்டிருந்தது. முடியும்வரை இருந்தோம். கோடை வந்தது. கோடையிலும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொல்வார் என்று நானும், நான் கேட்பேன் என்று அவரும் இருந்திருப்போம். மாமியும் மாமாவும் லண்டனுக்குப் போனார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

சப்பாத்து மட்டும் அதே இடத்தில் நின்றது. அதன்மேல் ஒருநாளும் தூசி கண்டதில்லை. அவர் துடைத்திருக்கிறார். எப்போது துடைத்தார் என்று தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்து மாரி தொடங்கும் நேரம், ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகப் போகிறேன் என்று சொன்னேன். அவர் மறிக்கவில்லை. புறப்படும் அன்று காலை நடைவழியில் நின்று என் பழைய சப்பாத்துக்குள் காலை விட்டேன். விரல் நெரித்தது. கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மண்நிறச் சோடியை எடுத்தேன். ஆட்டுமயிர் புதிதாகவே இருந்தது. காலை விட்டு, சிப்பை இழுத்தேன்.

அப்பா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்துவிழுவார் என்று நினைத்தேன். அவர் வந்து குந்தி, சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“அளவாய் இருக்கோ?”

“ஓம் அப்பா. சரியான அளவு.”

“நான் அப்பவே சொன்னனான்” என்றார்.

அம்மா செத்ததைப் பற்றி நானும் அப்பாவும் கதைத்தது அவ்வளவுதான்.